சிவப்புக்குப் பச்சைதான் பிடிக்கும்

ஃப்ரெண்ட்ஸ், இந்த வாரத் தபால்ல வந்த ஒரு கேள்வி என்னை ரெண்டு நாள் தூங்க விடலை. கல்வராயன் மலையிலிருந்து தினமும் பஸ் பிடிச்சு கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வந்து பாட்டனி படிக்கிற ஒரு தங்கச்சி எழுதியிருக்காங்க.

'சார், சிவப்புப் பாசிகளில் பைக்கோஎரித்ரின் இருப்பதால் அவை ஆழ்கடலில் வாழ்கின்றன. இதை மனப்பாடம் பண்ணி, இன்டர்னல்ல எழுதி, மார்க்கும் வாங்கிட்டேன். ஆனா நான் கடலையே ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கேன். கடலூர் சில்வர் பீச். அங்கே சிவப்பா ஒரு பாசியும் கண்ணுல படலை. ஒரு நிறம் இருக்குங்கிறதுக்காக ஒரு செடி எதுக்கு இருட்டுக்குள்ள போய் உட்காரணும்?'

செம கேள்வி. நாம எல்லாரும் ப்ளஸ் டூவுல இந்த வரியைத் தாண்டித்தான் வந்திருக்கோம். யாரும் நின்னு கேட்கலை. இந்தத் தங்கச்சி கேட்டிருக்காங்க. பதில் என்னன்னா, அந்த வரியில் பாதி அற்புதமான விஞ்ஞானம். மீதிப் பாதி நூறு வருஷத்துக்கு மேல புத்தகம் விட்டுப் புத்தகம் தாவிக்கிட்டிருக்கிற ஒரு கதை. எது எந்தப் பாதின்னு பார்த்துடலாம்.

முதல்ல வெளிச்சம். கச்சிராயபாளையம் பக்கத்துல இருக்கிற கோமுகி அணைக்குப் போயிருப்பீங்க. 46 அடி உயர அணை. அது நிரம்பி நிக்கும்போது, உள்ளே இருக்கிற தண்ணியெல்லாம் கண்ணாடி மாதிரி சுத்தமானதுன்னு ஒரு பேச்சுக்கு வச்சுக்குவோம். மேலே விழுற சூரிய ஒளியில் ஏழு நிறமும் இருக்கு. அதுல எது அடிவரைக்கும் போகும்?

சிவப்பு போகாது. தண்ணீர் மூலக்கூறு சிவப்பை விழுங்கிடும். பச்சையத்துக்கு ரொம்பப் பிடிச்ச 680 நானோமீட்டர் சிவப்பை எடுத்துக்கிட்டா, சுத்தமான தண்ணீரில் ஒன்றரை மீட்டர் இறங்கினாலே பாதி காலி. 5 மீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் மிச்சம். 10 மீட்டரில் நூறில் ஒரு பங்கு. 46 அடின்னா 14 மீட்டர். அங்கே ஆயிரத்தில் ரெண்டு பங்குகூட இல்லை. அதே 14 மீட்டரில் பச்சை ஒளி பாதிக்குக் கொஞ்சம் கம்மியா உயிரோட இருக்கும். நீலம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். நடுக்கடல் ஏன் நீலமா இருக்குன்னா இதுதான் முக்கியக் காரணம்: சிவப்பு உள்ளேயே செத்துப் போகுது, நீலம் சிதறித் திரும்பி வருது.

கடலின் நீலம்னா நம்ம ஊர் மனுஷர் ஒருத்தர் ஞாபகம் வராம இருக்காது. 1921-ல் இங்கிலாந்திலிருந்து எஸ்.எஸ். நர்குண்டா கப்பலில் திரும்பின சி.வி. ராமன், 'கடலின் நீலம் வானத்தோட பிரதிபலிப்பு'ங்கிற பெரிய பெரிய ஆட்களோட கருத்தை நம்பலை. டெக்ல நின்னு, நிக்கல் பட்டகத்தை வச்சு மேற்பரப்புப் பிரதிபலிப்பை வெட்டிட்டுப் பார்த்தார். அப்பவும் கடல் நீலமாத்தான் இருந்தது. தண்ணீரே ஒளியைச் சிதறடிக்குதுன்னு எழுதினார். திருச்சிக்காரர். கேள்வி கேட்கிற வியாதி நம்ம பக்கம் புதுசு இல்லைங்கிறதுக்காகச் சொன்னேன்.

சரி, அணைக்குத் திரும்புவோம். நிஜத்துல கோமுகித் தண்ணி கண்ணாடி கிடையாது. மலையிலிருந்து மண்ணு வருது, இலை தழை ஊறின சாறு வருது, மிதக்கிற நுண்பாசி இருக்கு. இலைச்சாறும் நுண்பாசியும் முதல்ல நீலத்தைத் தின்னும். ஆக மேலேயிருந்து சிவப்பைத் தண்ணி எடுத்துடுது, நீலத்தைக் கலங்கல் எடுத்துடுது. நடுவில் மாட்டிக்கிட்டு மிஞ்சுறது பச்சையும் மஞ்சள் கலந்த பச்சையும். கரையோரக் கடலிலும் இதே கதைதான். நடுக்கடல் நீலமாவும் கரைக்கடல் பச்சையாவும் தெரியறது அதனாலதான்.

இப்போ ஒரு செடியோட நிலைமையில் நின்னு பாருங்க. பச்சையம், அதாவது குளோரோஃபில், சிவப்பையும் நீலத்தையும் எடுக்கும். பச்சையைக் கிட்டத்தட்டத் தொடாம விட்டுடும். விட்ட பச்சை நம்ம கண்ணுக்கு வருது, அதான் இலை பச்சை. கரையோரத் தண்ணிக்குள்ள மிஞ்சியிருக்கிறதே அந்தப் பச்சைதான். மெஸ்ஸுக்கு லேட்டா போறோம். நமக்குப் பிடிக்காத உப்புமா மட்டும் அண்டா நிறைய இருக்கு. அந்த நிலைமை.

சிவப்புப் பாசி உப்புமா சாப்பிடக் கத்துக்கிச்சு.

அதுக்காக அது வச்சிருக்கிற சாமான்தான் பைக்கோஎரித்ரின். கிட்டத்தட்ட 500-லிருந்து 565 நானோமீட்டர் வரைக்கும், அதாவது நீலப்பச்சையிலிருந்து மஞ்சள்பச்சை வரைக்கும் உள்ள ஒளியை அள்ளி எடுக்கும். பச்சையை எடுத்துட்டு சிவப்பை விட்டுடுறதால நமக்குச் சிவப்பாத் தெரியுது. ஒரு வேடிக்கை பாருங்க: சிவப்பு ஒளியே எட்டாத ஆழத்தில் விட்டுக்கொடுக்கவும் சிவப்பு இல்லை. அங்கே டார்ச் இல்லாம முங்கிப் பார்த்தா சிவப்புப் பாசி கறுப்பாத்தான் தெரியும். மேலே கொண்டுவந்தாத்தான் சிவப்பு.

இந்த நிறமியோட சொந்தக்காரர் யார் தெரியுமா? நம்ம பித்தம். பச்சையம் ஒரு வளையம், நடுவுல மக்னீசியம். அதே மாதிரி ஒரு வளையத்தை ஒரு இடத்துல வெட்டி நீட்டிவிட்டா வர்ற சங்கிலிதான் பிலின். மஞ்சள் காமாலைக்கு ரத்தத்துல 'பிலிருபின்' பார்க்கிறாங்களே, அதே குடும்பம். கண்ணை மஞ்சளாக்குற ஐட்டத்தோட ஒன்றுவிட்ட தங்கச்சி கடலுக்கடியில் வெளிச்சம் பிடிக்குது. பிலினை ஒரு புரதத்தோட கெட்டியா ஒட்டி வச்சிருக்கும். இது தண்ணியில் கரையும், பச்சையம் கரையாது. இந்த வித்தியாசத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி ஒரு சோதனைக்கு வேணும்.

வெளிச்சம் பிடிச்சாச்சு. பிடிச்சதை என்ன பண்றது? பைக்கோஎரித்ரினால நேரடியா மாவுச்சத்து செய்ய முடியாது. அந்த வேலை பச்சையத்தோடது மட்டும்தான். கள்ளக்குறிச்சிப் பக்கம் கரும்பு எப்படி ஆலைக்குப் போகுதுன்னு தெரியும் இல்லையா? வயல்ல வெட்டறவங்க வேற, ஏத்துறவங்க வேற, டிராக்டர் வேற, அரைக்கிறது மூங்கில்துறைப்பட்டு ஆலையில். சிவப்புப் பாசிக்குள்ளேயும் அப்படியொரு ஏற்பாடு. வெளிப்பக்கம் பைக்கோஎரித்ரின், அடுத்து பைக்கோசயனின், மையத்தில் அல்லோபைக்கோசயனின், அதுக்குக் கீழே பச்சையம். எரித்ரின் 565 வாக்கில் பிடிச்சதை, 620 பக்கம் பிடிக்கிற சயனினுக்குத் தள்ளும். சயனின் அதை 650 பக்கம் பிடிக்கிற அல்லோவுக்கு. அல்லோ அதை 680 பக்கம் வேலை செய்யற பச்சையத்துக்கு. ஒவ்வொரு படியிலும் ஆற்றல் கொஞ்சம் கொஞ்சம் குறையுது. அந்தக் குறைவுதான் டிராஃபிக்கை ஒருவழிப் பாதையாக்குது. இறங்கினது திரும்ப மேலே ஏறாது.

இந்த மொத்தப் பயணத்துக்கும் ஆகிற நேரம் ஒரு நொடியில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு, அந்த அளவுல. வழியில் வீணாகிறது நூத்துக்குப் பத்துக்கும் கம்மி. நம்ம வீட்டுக்கு மின்சாரம் இந்த லட்சணத்துல வந்து சேர்ந்தா பவர்கட்டே இருக்காது.

இந்த அடுக்குக்குப் பேர் பைக்கோபிலிசோம். 1966-ல் எலிசபெத் கான்ட், கான்ட்டி என்ற ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்து இது ஒரு தனி உறுப்புன்னு சொன்னாங்க. ஒண்ணொண்ணும் 40, 50 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டர் நீளத்துல இருபதாயிரத்தை வரிசையா நிறுத்தலாம். அவங்க பார்த்த பாசி போர்ஃபிரிடியம். அது எங்கே வளரும் தெரியுமா? ஈர மண்ணுலேயும் ஈரச் சுவரிலும்கூட. சிவப்புப் பாசிதான். ஆழ்கடல் பக்கமே போகாத ஜாதி. இப்பவே அந்த மனப்பாட வரி லேசா ஆட்டம் காணுது பாருங்க.

ஆட்டுறதுக்கு முன்னாடி இன்னொரு விஷயம். இது கொஞ்சம் கஷ்டமான பகுதி. டீ குடிச்சிட்டு வாங்க.

1950-ல் ஹாக்ஸோ, பிளிங்க்ஸ்னு ரெண்டு பேர் கடல் பாசிகள் மேல ஒவ்வொரு நிறமா ஒளியடிச்சு எவ்வளவு ஆக்சிஜன் வருதுன்னு அளந்தாங்க. பச்சைப் பாசி எதிர்பார்த்த மாதிரியே நடந்துக்கிச்சு: பச்சையம் எந்த நிறத்தை எடுக்குதோ அங்கே நல்ல உற்பத்தி. சிவப்புப் பாசி மட்டும் மானத்தை வாங்கிடுச்சு. அதுலேயும் பச்சையம் இருக்கு, சிவப்பு ஒளியை எடுக்கவும் செய்யுது. ஆனா அந்த ஒளியில் ஒளிச்சேர்க்கை படுமந்தம். பைக்கோஎரித்ரின் எடுக்கிற பச்சை ஒளியிலோ சூப்பரா நடக்குது. உதவியாளர் பிடிச்ச வெளிச்சம் உபயோகமாகுது, முதலாளி தானே பிடிச்சது வீணாகுது! உலகமே தலையைச் சொறிஞ்சது.

விடை 1957 வாக்கில் துலங்க ஆரம்பிச்சது. எமர்சன்ங்கிறவர் ரெண்டு நிற ஒளியைச் சேர்த்து அடிச்சுப் பார்த்தார். தனித்தனியா கிடைச்சதைக் கூட்டினா வர்றதைவிட, சேர்த்து அடிச்சப்போ அதிகம் கிடைச்சது. காரணம், ஒளிச்சேர்க்கையில் ஒரு மோட்டார் இல்லை, ரெண்டு. மேட்டு நிலத்துல விவசாயம் பண்றவங்க வீட்டுப் பிள்ளைகளுக்கு இது உடனே புரியும். கிணத்துலேர்ந்து தொட்டிக்கு ஒரு மோட்டார். தொட்டியிலேர்ந்து மேட்டு வயலுக்கு இன்னொரு மோட்டார். ரெண்டாவதை மட்டும் முழு வேகத்துல ஓட்டினா? தொட்டி காலி, வெறும் சத்தம்தான். சிவப்புப் பாசியில் பச்சையத்தோட பெரும்பகுதி ஒளித்தொகுதி ஒன்றுகிட்ட இருக்கு. தண்ணீரைப் பிளந்து ஆக்சிஜன் விடுற ஒளித்தொகுதி இரண்டுக்கு பெரும்பாலும் பைக்கோபிலிசோம்தான் தீனி போடுது. சிவப்பு ஒளி மட்டும் அடிச்சா வயல் மோட்டார் மட்டும் ஓடுது. அவ்வளவுதான் ரகசியம்.

அதனால பைக்கோஎரித்ரினைத் 'துணை நிறமி'ன்னு புத்தகம் சொல்றப்போ எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். துணை நடிகர் மாதிரி ஒரு தொனி. சிவப்புப் பாசியில் அதை எடுத்துட்டா படமே ஓடாது.

இப்போ அந்த மீதிப் பாதி. 'அதனால் ஆழ்கடலில் வாழ்கின்றன.'

இது எங்கேயிருந்து வந்தது? 1880-கள். ஜெர்மனிக்காரர் தியோடர் எங்கெல்மன். படு புத்திசாலி. மைக்ராஸ்கோப்புக்கு அடியில் ஒரு குட்டி வானவில்லைப் பாசி மேல விழவச்சு, ஆக்சிஜனைத் தேடி ஓடுற பாக்டீரியாவைக் கூடவே விட்டார். எந்த நிறத்துல ஆக்சிஜன் வருதோ அங்கே பாக்டீரியா கூட்டம் கூடும். பச்சைப் பாசியில் கூட்டம் சிவப்பிலும் நீலத்திலும். சிவப்புப் பாசியில் கூட்டம் பச்சையில். இது நூத்துக்கு நூறு சரி. இதை வச்சு அவர் அடுத்த படிக்குப் போனார்: ஆழம் போகப் போக என்ன நிறம் மிஞ்சுதோ, அதுக்கு எதிர் நிறத்துல பாசி இருக்கும், எனவே மேலே பச்சை, நடுவில் பழுப்பு, அடியில் சிவப்பு. படிக்கட்டு மாதிரி அழகான படம். வரையறது ஈஸி, அஞ்சு மார்க் வாங்கறது இன்னும் ஈஸி. அதான் இன்னிக்கு வரைக்கும் பாடத்துல தங்கிடுச்சு.

கடல் அந்தப் படத்தைப் படிக்கலை.

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்துக்கு ஒரு தடவை டூர் போங்க. தண்ணி வத்துற நேரம் பார்த்து இறங்குங்க. முழங்கால் அளவுத் தண்ணியில் பச்சைப் பாசி உல்வா, பழுப்பு சர்காசம், சிவப்புப் பாசிகள் எல்லாம் ஒரே பாறைத் திட்டுல அக்கம்பக்கமா குடியிருக்கும். கஞ்சிப் பாசின்னு நம்ம மக்கள் பேர் வச்சிருக்கிறது கிராசிலேரியா எடுலிஸ், சிவப்புப் பாசி. மரிக்கொழுந்துப் பாசின்னு சொல்றது ஜெலிடியெல்லா அசரோசா, அதுவும் சிவப்புப் பாசி. பாம்பன், மண்டபம் பக்கத்துப் பெண்கள் தலைமுறையா இதைப் பறிச்சுத்தான் பிழைக்கிறாங்க. ஆக்சிஜன் சிலிண்டர் கிடையாது. கண்ணாடி கட்டிக்கிட்டு மூச்சைப் பிடிச்சு முங்கி எடுக்கிறாங்க. சிவப்புப் பாசி 'ஆழ்கடலில்' மட்டும் வாழ்ந்தா இந்தத் தொழிலே இருக்க முடியாது. தீவுகளைச் சுத்தி 1986-ல் கடல் தேசியப் பூங்கா வந்தது. பறிக்க உரிமை உண்டா இல்லையான்னு வருஷக்கணக்கா இழுபறி. அவங்களே கூடிப் பேசி மாசத்துல 12 நாள்தான் பறிக்கிறதுன்னு கட்டுப்பாடு வச்சுக்கிட்டாங்க. அவங்கள்ல ஒருத்தரான சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015-ல் அமெரிக்காவின் சீகாலஜி பரிசு கிடைச்சது. சிவப்புப் பாசி எங்கே, எந்த மாசத்துல, எந்தக் கல்லுல இருக்கும்னு தெரியணுமா? எங்கெல்மன்கிட்ட கேட்கிறதைவிட அவங்ககிட்ட கேட்கலாம்.

அதே மண்டபத்துல 2000-களிலிருந்து மூங்கில் மிதவை கட்டி வளர்க்கிற கப்பாஃபைகஸ் இன்னும் பெரிய நக்கல். மேற்பரப்பை ஒட்டியே, சுள்ளுன்னு அடிக்கிற வெயில்ல வளரும். பழுப்பா ஒரு ரகம், பச்சையாவே ஒரு ரகம் இருக்கு. பச்சையா இருந்தாலும் அது சிவப்புப் பாசிதான்! குலம்கிறது செல்லோட அமைப்பும் பரம்பரையும். நிறம் சட்டை மாதிரி. வெயில் அதிகமான இடத்துல சிவப்புப் பாசி தன் பைக்கோபிலிசோமைக் குறைச்சுக்கும். வெளிறி மஞ்சளாவும் ஆகும். நிழல்ல அதே ஜாதி கருஞ்சிவப்பு. தண்ணியில் நைட்ரஜன் சத்து குறைஞ்சாலும் வெளிறும். ஏன்னா அந்த நிறமி முழுக்கப் புரதம். பஞ்ச காலத்துல அடகு வச்ச நகையை வித்துச் சாப்பிடுற மாதிரி அதைக் கரைச்சுச் சாப்பிட்டுடும்.

'அப்போ ஆழத்துல சிவப்புப் பாசி இல்லவே இல்லையா?'ன்னு கேட்பீங்க. இருக்கு. சாதாரண ஆழமா? 1984-ல் பஹாமாஸ் தீவுகளில் சான் சல்வடார் பக்கம், லிட்லர் தம்பதியர் குழு நீர்மூழ்கியில் இறங்கிப் பார்த்தப்போ, 268 மீட்டர் ஆழத்துல பாறையோட பாறையா ஒட்டிக்கிட்டு ஒரு சிவப்புப் பாசி உயிரோட இருந்தது. அங்கே எட்டுற ஒளி மேலே விழுறதுல ரெண்டு லட்சத்தில் ஒரு பங்கு. அமாவாசை இருட்டுல வத்திக்குச்சி கொளுத்தி விவசாயம் பண்ற கதை. பைக்கோஎரித்ரின் இல்லாம அது முடிஞ்சிருக்காதுன்னுதான் நானும் நினைக்கிறேன். ஆனா அதே இடத்துல, 200 மீட்டரையும் தாண்டி, கல்லுக்குள்ள துளை போட்டு வாழுற ஒரு பச்சைப் பாசியும் இருந்தது! பேர் ஆஸ்ட்ரியோபியம். படிக்கட்டுப் படத்துப்படி பச்சைக்கு அங்கே என்ன வேலை?

1970-களில் ஜோசப் ரேமஸ் இதைத் துருவினார். அவர் காட்டினது: நிறத்தைவிட மொத்த அளவு முக்கியம். மொத்தமான, நிறமி நிறைஞ்ச ஒரு பச்சைப் பாசி, உள்ளே ஒளி திரும்பத் திரும்பச் சிதறிப் பட்டு, கடைசியில் பச்சை ஒளியையும் சேர்த்து எல்லாத்தையும் குடிச்சிடும். அதாவது ஆழத்துல வாழ நிறம் ஒரு வழி, ஒரே வழி இல்லை. உடம்பைத் தடியாக்கிக்கலாம், நிறமியைக் கூட்டிக்கலாம், மெதுவா வளர்ந்து கம்மியாச் செலவு பண்ணலாம். மேயுற மீன் எங்கே கம்மி, அலை எங்கே அடிக்காது, ஒட்ட இடம் எங்கே கிடைக்கும், இதெல்லாமும் சேர்ந்துதான் விலாசத்தை முடிவு பண்ணுது.

ஆக, தங்கச்சி, பரீட்சையில் என்ன எழுதறதுன்னா: பைக்கோஎரித்ரின் பச்சை ஒளியைப் பிடித்துப் பச்சையத்துக்குத் தருகிறது, அதனால் சிவப்புப் பாசிகளால் குறைந்த ஒளியிலும் ஆழத்திலும் வாழ முடியும். 'முடியும்'. 'வாழ்கின்றன'ன்னு எழுதாதீங்க. திருத்துறவர் எந்த மூடுல இருந்தாலும் 'முடியும்'ங்கிறதுக்கு மார்க்கைக் குறைக்க வழியில்லை. உண்மையும் அதுதான். டிரைவிங் லைசென்ஸ் வச்சிருக்கிறவன் எல்லாம் பஸ் டிரைவர் இல்லை.

கடலைப் பார்க்காம எப்படிப் படிக்கிறதுங்கிறது கடிதத்துல மறைஞ்சிருக்கிற இன்னொரு கேள்வி. சிவப்புப் பாசி நீங்க நினைக்கிறதைவிடப் பக்கத்துல இருக்கு. உங்க காலேஜ் லேப்ல பாக்டீரியா வளர்க்கிற பெட்ரி தட்டுல இருக்கிற அகார் சிவப்புப் பாசிதான். அந்த மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து இங்கேயே எடுக்கிறாங்க. ரம்ஜான் நோன்பு சமயத்துல முஸ்லிம் நண்பர் வீட்டுல பாலும் சர்க்கரையும் போட்டு ஆட்டி ஆட்டிக் கொடுப்பாங்களே கடல்பாசி, அதுவும் இதே அகார். நிறமெல்லாம் வெளுத்துப்போய் வெள்ளையா வர்றதால யாருக்கும் சிவப்பு ஞாபகம் வர்றதில்லை.

நிறத்தையே பார்க்கணுமா? மருந்துக்கடையில் ஸ்பைருலினா கேப்ஸ்யூல் விக்கிறாங்க. அது சிவப்புப் பாசி இல்லை, நீலப்பச்சைப் பாசி. ஆனா பைக்கோபிலிசோம்ங்கிற சாமானை சிவப்புப் பாசிக்குச் சொத்தா எழுதிக்கொடுத்ததே இந்த வம்சம்தான். நாலு கேப்ஸ்யூலைப் பிரிச்சு, அரை டம்ளர் தண்ணியில் பொடியைக் கலக்கி, ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜுல வைங்க. ஃப்ரீசர்ல உறையவச்சு உருக விட்டா இன்னும் நல்லா இறங்கும். காலையில் வடிதாள்ல நிதானமா வடிகட்டுங்க. கீழே இறங்குறது நீலத் தண்ணி! அதுதான் பைக்கோசயனின். தண்ணியில் கரையும்னு சொன்னேனே, அது. வடிதாள்ல தங்கினதுல லேப் அசிட்டோன் விட்டா பச்சையா இறங்கும், அது கரையாத பச்சையம். நீலத் தண்ணியை வெயில்ல பிடிச்சுப் பக்கவாட்டுல பாருங்க, சிவப்பா ஒரு மினுக்கம் தெரியும். வாங்கின ஒளியைக் கொடுக்க அடுத்த ஆள் இல்லாததால வெளியே கொட்டுது. ஆலை இல்லாத ஊருக்குக் கரும்பு வெட்டின மாதிரி. அப்புறம் அடுப்புல சூடு பண்ணுங்க: நீலம் போயிடும். புரதம் குலைஞ்சா நிறம் குலைஞ்சது.

வீட்டுல சிவப்புத் தண்டுக்கீரை வேகவைக்கும்போதும் சிவப்பு தண்ணியில் இறங்கி இலை பச்சையாகும். பார்க்க அதே மாதிரி இருக்கும். ஆனா அந்தச் சிவப்பு வேற சரக்கு, பீட்ரூட் குடும்பம். பிடிச்ச வெளிச்சத்தைப் பச்சையத்துக்குக் கொடுக்கத் தெரியாது. வைவாவுல மாட்டிக்காதீங்க.

அந்த மினுக்கம் விளையாட்டு இல்லை. 1982-ல் வெர்னான் ஓய், அலெக்சாண்டர் கிளேசர், லூபர்ட் ஸ்ட்ரையர் மூணு பேரும் பைக்கோஎரித்ரின் மாதிரியான புரதங்களை ஆன்டிபாடியோட ஒட்டி, ரத்த அணுக்களை அடையாளம் காட்டுற விளக்கா மாத்தினாங்க. எச்.ஐ.வி. உள்ளவங்களுக்கு சிடி4 அணு எத்தனைன்னு எண்ணுற கருவிகள் பலதுல லேசர் பட்டதும் ஆரஞ்சா ஒளிர்ற அந்தப் புள்ளி சிவப்புப் பாசி கொடுத்தது. ஆளை எழுப்பி உட்காரவச்ச மருந்துக்குப் பின்னாடி எண்ணிக்கை சொன்ன பாசி.

கடைசியா மலைக்குப் போவோம். சிவப்புப் பாசியில் 7,000 வகைக்கு மேல இருக்கு. அதுல நூத்துக்கு மூணு வாக்கில் கடலுக்குச் சம்பந்தமே இல்லாம நல்ல தண்ணியில் வாழுது. எங்கே? பெரும்பாலும் காட்டு நிழல்ல ஓடுற தெளிஞ்ச ஓடைகளில். காரணத்தை யோசிங்க. தலைக்கு மேல மரங்கள் அடர்ந்து நின்னா, இலைகள் சிவப்பையும் நீலத்தையும் தின்னுட்டுக் கீழே அனுப்புறது என்ன? பச்சை. மண்டபம் கடல் என்ன சல்லடை போடுதோ, கிட்டத்தட்ட அதே சல்லடையை கல்வராயன் காட்டு மரக்கூரை போடுது. கடலுக்கடியில் கத்துக்கிட்ட வித்தை மலையிலும் செல்லும்.

அதுல முக்கியமான ஒண்ணு பேட்ரகோஸ்பெர்மம். கிரேக்கத்துல 'தவளை விதை'ன்னு அர்த்தம். கல்லுல ஒட்டிக்கிட்டு, மணி கோத்த நூல் மாதிரி, வழவழன்னு தண்ணியோட போக்குல ஆடிக்கிட்டிருக்கும். சிவப்பா இருக்கும்னு தேடினா ஏமாந்துடுவீங்க. நல்ல தண்ணிச் சிவப்புப் பாசிகளில் பைக்கோசயனின் ஓங்கியிருக்கும். அதனால நீலப்பச்சை, ஆலிவ் பச்சை, சில சமயம் ஊதா. இந்தியப் பாசிகளை அக்குவேறு ஆணிவேறா ஆராய்ஞ்ச பரம்பரை சென்னைப் பல்கலைக்கழகத்து எம்.ஓ.பி. அய்யங்காரிலிருந்து தொடங்குது. அவர் வழியில் வந்த டி.வி. தேசிகாச்சாரி, மற்ற ரெண்டு பேரோட சேர்ந்து 1990-ல் இந்தியச் சிவப்புப் பாசிகளுக்கே தனிப் புத்தகம் எழுதினார். பெரிய லைப்ரரிகளில் கேட்டுப் பாருங்க.

மழை ஓய்ஞ்சு தண்ணி தெளியற மாசங்கள்தான் தேட நல்ல நேரம். பெரியார் அருவி, மேகம் அருவின்னு கூட்டம் குளிக்கிற இடத்துல வேண்டாம். அதுக்கு மேலே, சோப்பும் ஷாம்பூவும் எட்டாத, நிழல் விழுற சின்ன ஓடையா பாருங்க. வனத்துறையில் சொல்லிட்டு, துணைக்கு ஆள் கூட்டிக்கிட்டுப் போங்க. பாறை வழுக்கும். பத்து எக்ஸ் கைலென்ஸ் ஒண்ணு, சின்னக் கண்ணாடிக் குப்பி ஒண்ணு, வெள்ளைப் பீங்கான் தட்டு ஒண்ணு போதும். கொத்தோட பிடுங்காதீங்க. ஒரு நூலை மட்டும் கிள்ளி, ஓடைத் தண்ணியிலேயே போட்டு, அன்னிக்கே லேப் மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைங்க. நடுவுல ஒரு தண்டு, அதுல இடைவெளி விட்டு விட்டு உருண்டை உருண்டையா கிளைக் கொத்து தெரிஞ்சா, படம் வரைஞ்சு, இடமும் தேதியும் குறிச்சு, எனக்கும் ஒரு காப்பி அனுப்புங்க.